உம் மட்டும் மிஞ்சிய ஒலிநாடா

ஹைதராபாத்தில் வாழும் ஓய்வுபெற்ற மொழியியல் பேராசிரியர் ஒருவர் தம் களப்பணிக் காலத்தில் 42 கேசட்டுகள் பதிவு செய்திருந்தார். இன்று அவற்றில் கையில் இருப்பவை 23. மற்ற 19 கேசட்டுகள் பல ஆண்டுகளுக்கு முன்பே கணினிக் கோப்புகளாக மாற்றப்பட்டன. மாற்றியாயிற்று என்ற நிம்மதியில், வீடு மாறியபோது அந்த நாடாக்கள் பழைய செய்தித்தாள்களோடு எடைக்குப் போயின. எஞ்சிய 23 கேசட்டுகளையும் கோப்பாக்கும் பொறுப்பு முனைவர் பட்ட ஆய்வு மாணவி ஒருத்தியிடம் வந்து சேர்ந்தது.

பதிவுகள் கோலாமி மொழிக்குரியவை. தெலங்கானாவின் ஆதிலாபாத் மலைப்பகுதியிலும் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் பகுதியிலும் பேசப்படும் நடுத்திராவிட மொழி அது. எம். பி. எமனோ 1955இல் வெளியிட்ட நூலின் வழியாக மொழியியலாளர்களுக்கு நன்கு அறிமுகமானது. தமிழறிந்த செவிக்கு அதில் உறவினர் முகங்கள் தென்படும். தீ அங்கே ‘கிஸ்’, நீர் ‘ஈர்’, வீடு ‘எல்லா’.

1988இல் பேராசிரியர் ஆதிலாபாத் மலைக்கிராமம் ஒன்றில் தங்கி, மூதாட்டி ஒருவரிடம் ஒன்பது கதைகளைக் கேட்டுப் பதிந்தார். அவற்றுள் இரண்டை மட்டும் குறிப்பேட்டில் முழுமையாக எழுதி, பொருளும் எழுதியிருந்தார். மற்ற ஏழு கதைகளின் தலைப்புகளுக்கு எதிரே பென்சிலால் ‘பிறகு’ என்று குறித்திருந்தார். களப்பணி செய்த எவரும் அந்தச் சொல்லை அறிவர். ஒலிப்பதிவு இருக்கும்வரை எழுத்துப்பெயர்ப்புக்கு அவசரமில்லை என்னும் நம்பிக்கையிலிருந்து பிறப்பது அது.

அந்தப் ‘பிறகு’ முப்பது ஆண்டுகளைக் கடந்தது. மூதாட்டி மறைந்துவிட்டார். அவருடைய பேரன் இப்போது அதே பகுதியில் பள்ளி ஆசிரியர். பாட்டியின் குரல் ஹைதராபாத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லக் கேட்டு, எண்ணைத் தேடிப் பிடித்துப் பேராசிரியரை அழைத்தார். “பாட்டி கதை சொல்வதை என் பிள்ளைகள் ஒருமுறை கேட்க வேண்டும், சார்” என்றார். அந்த அழைப்புக்குப் பிறகுதான் பரணிலிருந்து பெட்டி இறங்கியது.

மாணவி முதலில் திறந்தது ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்த 19 கேசட்டுகளின் கோப்புகளை. ஒன்பது கதைகளும் அவற்றில்தான் இருந்தன. ஆனால் கேட்டபோது கதை கிடைக்கவில்லை. கோழிகள் கொக்கரித்தன, எங்கோ உலக்கை விழுந்தது, குழந்தைகள் முனகினார்கள். மூதாட்டியின் குரலோ அடுத்த வீட்டுக் கூடத்திலிருந்து வருவதுபோல, சொற்கள் பிரியாத ஒரு மெல்லிய எச்சமாக மட்டும் இருந்தது. கோப்புகளோடு இருந்த பட்டியலில் யாரோ முன்பே குறித்திருந்தார்கள்: ‘பின்னணி இரைச்சல் மிகுதி. பேச்சாளர் தொலைவில்.’

“தொலைவிலா? கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்களே” என்றார் பேராசிரியர். முப்பது ஆண்டுக்கு முந்தைய நினைவை ஆவணத்துக்கு எதிராக நிறுத்த அவருக்கே தயக்கமாக இருந்தது. மைக் சரியில்லாமல் இருந்திருக்கலாம் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். மாணவி அக்கோப்புகளை ஒதுக்கிவைத்துவிட்டு, எஞ்சிய 23 கேசட்டுகளை எடுத்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பினாள். உடன் பேராசிரியர் வீட்டுக் கேசட் டெக்கும், பெட்டியின் அடியில் சுருண்டு கிடந்த ஒரு கறுப்புக் கேபிளும் வந்தன.

அவளிடம் இருந்தது இரண்டு உள்ளீடுகள் கொண்ட சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ். ஒலியை மின்னலையாகப் பெற்று, எண்களாக மாற்றி, யூ.எஸ்.பி. வழியே கணினிக்கு அனுப்பும் கருவி. வீட்டில் பாட்டுப் பதிவோருக்காகச் செய்யப்பட்டது. ஒரு மைக்கும் ஒரு கிதாரும் வந்து சேரும் என்று எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டது. ஆகவே அதன் ஒவ்வொரு உள்ளீடும் ஒற்றைத் தடத்துக்கானது. கேசட் டெக், வானொலி, பழைய கைப்பதிவுக் கருவி முதலியவை தருவதோ இடம், வலம் என இரண்டு தடங்கள். இரண்டு காதுகளுக்கு உரியதை ஒவ்வொரு காதாகத்தான் அக்கருவிக்குள் அனுப்ப வேண்டும். இது தெரியாமல் நடப்பதல்ல தவறு. தெரிந்தும், கையில் இருக்கும் கேபிள் அழகாகப் பொருந்திவிடுவதால் நடப்பது.

கறுப்புக் கேபிள் அப்படித்தான் பொருந்தியது. அதன் இரு முனைகளிலும் 6.35 மில்லிமீட்டர் ப்ளக். ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்பு வளையங்கள். ஒரு முனை டெக்கின் முகப்பிலுள்ள ஹெட்போன் துளையில் சென்று அமர்ந்தது. மறுமுனை இன்டர்ஃபேஸின் முதல் உள்ளீட்டில் அமர்ந்தது. நாடா ஓடியது, விளக்கு பச்சையாக மினுங்கியது, திரையில் அலைவடிவம் நன்றாகவே வரையப்பட்டது. அன்றிரவு மூன்று கேசட்டுகள் கோப்பாயின. இரவு நேரமாதலால் அவள் திரையைப் பார்த்தாளே தவிர, ஒலியைக் கேட்கவில்லை.

காலையில் கேட்டபோது மூன்று கோப்புகளிலும் பேச்சாளர் தொலைவில் இருந்தார். 1988இன் கோழிகளைப் போலவே 1991இன் மழையும் மிகத் தெளிவாக இருந்தது. பேசியவர் மட்டும் இல்லை. மைக் சரியில்லை என்ற விளக்கம் ஒரு பதிவுக்குப் பொருந்தலாம். வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு ஊர்களில், ஒரே குறை எப்படி வரும்? அவள் கேபிளைப் பிடுங்கிவிட்டு, அதே துளையில் ஹெட்போனைச் செருகி, அதே கேசட்டை ஓடவிட்டாள். பேச்சாளர் அருகில் வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

குற்றம் நாடாவில் இல்லை, கேபிளிலும் இல்லை, கருவியிலும் இல்லை. மூன்றும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்தன. சிக்கல் அந்த இரட்டை வளைய ப்ளக்கின் பொருளில் இருந்தது. இலக்கணம் படித்தோர் அதைப் பலபொருள் ஒருசொல் என்பர். வடிவம் ஒன்று, பொருள் இரண்டு. ஹெட்போன் துளையில் அந்த ப்ளக்கின் நுனி இடத்தடம், நடுவளையம் வலத்தடம், அடிப்பகுதி பொதுத்தரை. இன்டர்ஃபேஸின் உள்ளீட்டிலோ அதே நுனியும் அதே நடுவளையமும் சேர்ந்து ஒரே ஒரு தடம். பலபொருள் ஒருசொல்லின் பொருளை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிய வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்லும். ப்ளக்கின் பொருளைத் தெளிவிப்பது அது சென்று அமரும் துளை. இங்கே ஒரு முனை ஒரு பொருளிலும் மறுமுனை வேறொரு பொருளிலும் பேசிக்கொண்டிருந்தன.

அந்த இரண்டாம் பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் மூதாட்டியின் குரல் போன வழி இருக்கிறது. ஒலிப்பதிவுக் கூடங்களில் நீண்ட கேபிள்களை இழுக்க வேண்டியிருக்கும். மின்கம்பிகளின் இரைச்சல் அவற்றில் ஏறும். அதைத் தவிர்க்க ஒரே ஒலியை இரண்டு கம்பிகளில் அனுப்புவார்கள். ஒன்றில் உள்ளபடியே, மற்றொன்றில் தலைகீழாக. வழியில் ஏறும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். சேரும் இடத்தில் கருவி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும். தலைகீழானதைக் கழிப்பது கூட்டுவதற்குச் சமம்; ஆகவே ஒலி இரட்டிக்கும். இரண்டிலும் ஒன்றாக இருந்த இரைச்சல் கழிந்து மறையும். சமநிலை இணைப்பு என்பது இதுதான். இரண்டு கம்பிகளுக்கும் பொதுவாக இருப்பது எதுவோ அது குப்பை என்பது அக்கருவியின் கொள்கை.

அதே கருவிக்கு இடத்தடத்தையும் வலத்தடத்தையும் கொடுத்தால் அது கொள்கை மாறாமல் இடத்திலிருந்து வலத்தைக் கழிக்கும். இரண்டுக்கும் பொதுவானது போய்விடும். களப்பதிவில் இரண்டு தடங்களுக்கும் பொதுவாக இருப்பது யார்? பேராசிரியர் 1988இல் கொண்டுசென்றது ஒரே கூட்டுக்குள் இரு செவிகள் வைத்த ஸ்டீரியோ மைக். அதை அவர் மூதாட்டியை நோக்கி நேராக, நடுவாக வைத்தார். எல்லாக் கையேடுகளும் அப்படித்தான் வைக்கச் சொல்லும். நேர் எதிரே இருந்தவரின் குரல் இரண்டு செவிகளிலும் சம அளவில் விழுந்தது. ஓரத்தில் இருந்தவை ஏதேனும் ஒரு செவியில் கூடுதலாக விழுந்தன. கழித்தபோது நடு மறைந்தது, ஓரம் எஞ்சியது. கூடத்துச் சுவர்களில் பட்டுத் திரும்பிய எதிரொலி இரு செவிகளிலும் வேறு வேறாக விழுந்ததால் அது மட்டும் குரலின் நிழலாகத் தங்கியது. பட்டியலில் ‘தொலைவில்’ என்று எழுதியவரும் பொய் சொல்லவில்லை. அவர் கேட்டது அதைத்தான்.

கரோக்கிக் கருவிகளில் பாடகரின் குரலை நீக்கும் பொத்தான் ஒன்று உண்டு. பலவற்றில் அது செய்வதும் இந்தக் கழித்தலே. அங்கே அது வேண்டிச் செய்வது.

மாணவி 19 கோப்புகளுக்குத் திரும்பினாள். எல்லாம் ஒற்றைத் தடக் கோப்புகள். ஸ்டீரியோவாகப் பதிந்த கேசட்டுகளிலிருந்து ஒற்றைத் தடம் வந்திருப்பதே முதல் தடயம். கறுப்புக் கேபிள் அந்தப் பெட்டியிலேயே இருந்தது இரண்டாவது தடயம். அப்போது பேராசிரியருக்கு உதவியவர் நல்லெண்ணத்தோடு, ஊதியம் பெறாமல், இரவுகளில் உட்கார்ந்து அதைச் செய்தவர். அவள் ஓர் இரவில் செய்ததை அவர் பல வாரங்கள் செய்திருந்தார், அவ்வளவுதான் வேறுபாடு. அந்த நாடாக்கள் மோனோப் பதிவுகளாக இருந்திருந்தால் தவறு முதல் நிமிடத்திலேயே பிடிபட்டிருக்கும். ஏனெனில் மோனோ நாடாவை ஸ்டீரியோ டெக்கில் ஓட்டினால் இரு தடங்களிலும் ஒரே ஒலி வரும். கழித்தால் ஏறக்குறைய எதுவுமே மிஞ்சாது. முழு இழப்பு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். பாதி இழப்புதான் ‘சுமாரான பதிவு’ என்ற பெயரில் ஆவணக் காப்பகத்துக்குள் நுழைந்துவிடும்.

இனி மீட்க முடியுமா என்று அவள் பலரிடம் கேட்டாள். கணக்கு எளியது. இரண்டு தடங்களின் கூட்டல், கழித்தல் இரண்டும் கையில் இருந்தால் இடத்தையும் வலத்தையும் திரும்பப் பெறலாம். ஆலன் புளூம்லைன் 1931இல் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கோரியபோதே இந்தக் கூட்டல் கழித்தலைப் பயன்படுத்தியிருக்கிறார். பண்பலை வானொலியின் ஸ்டீரியோ ஒலிபரப்பும் இதே முறையில்தான் நடக்கிறது. ஆனால் கையில் இருப்பது கழித்தல் மட்டும். இரண்டு அறியாக் கணியங்கள், ஒரே ஒரு சமன்பாடு. மூல நாடா இருந்தால் மறுபடி ஓட்டலாம். நாடா எடைக்குப் போய்விட்டது.

இதைப் பேராசிரியரிடம் எப்படிச் சொல்வது என்று அவள் இரண்டு நாள் யோசித்தாள். தானே செய்த மூன்று கோப்புகளிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்தாள். தன் தவறான பதிவையும் சரியான பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினாள். பிறகு 1988இன் கோப்பு ஒன்றைப் போட்டாள். விளக்கம் தேவைப்படவில்லை. அவர் ஹெட்போனைக் கழற்றாமல் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என் குரல் தெளிவாக இருக்கிறதே, அம்மா?”

“இருக்கிறது, சார். நீங்கள் மைக்கின் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள்.”

“எல்லாக் கேள்வியும்?”

“எல்லாக் கேள்வியும்.”

அவர் குறிப்பேட்டை மூடிவைத்தார். “கேள்வி கேட்டவன் இருக்கிறேன். பதில் சொன்னவர் இல்லை” என்றார். அதற்குமேல் அன்று எதுவும் பேசவில்லை.

கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வை ஒட்டி 1913 முதல் 1929 வரை பல மொழிகளின் குரல்கள் இசைத்தட்டுகளில் பதியப்பட்டன. ஊதாரி மைந்தன் உவமையை ஒவ்வொரு மொழியிலும் ஒருவர் சொல்ல, அது தட்டில் ஏறியது. பெரும்பாலும் பெயர் மட்டுமே தெரிந்த அந்த மனிதர்களின் குரலை இன்றும் இணையத்தில் கேட்கலாம். நூறாண்டு பழைய தட்டு பேசுகிறது. முப்பது ஆண்டு நாடா பேசவில்லை. ஊடகத்தின் வயது மட்டும் குரலை அழிப்பதில்லை. ஓர் ஊடகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் அந்த ஒரு மணி நேரமும் அழிக்கும். அந்த ஒரு மணி நேரத்தை யார் செய்வார், எப்படிச் செய்வார் என்பதை ஆய்வுத் திட்டங்களில் எவரும் ஒரு வரியாகக்கூட எழுதுவதில்லை.

அடுத்த வாரம் மாணவி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினாள். டெக்கின் பின்புறத்தில் வெள்ளை, சிவப்பு நிறத்தில் இரண்டு ஆர்.சி.ஏ. துளைகள் உண்டு, வெள்ளை இடம், சிவப்பு வலம். அங்கிருந்து புறப்படும் கேபிளின் மறுமுனையில் தனித்தனியாக இரண்டு 6.35 மில்லிமீட்டர் ப்ளக்குகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வளையம். வெள்ளை முதல் உள்ளீட்டுக்கு, சிவப்பு இரண்டாம் உள்ளீட்டுக்கு. ஹெட்போன் துளை மட்டுமே உள்ள கருவியாக இருந்தால், ஒரு முனையில் இரட்டை வளைய ப்ளக்கும் மறுமுனையில் பிரிந்து இரண்டு ஒற்றை வளைய ப்ளக்குகளும் கொண்ட கேபிள் வேண்டும். கடையில் இரண்டும் ஒரே கொக்கியில் தொங்கும்; வளையங்களை எண்ணித்தான் வாங்க வேண்டும். எதிர்த் தவறும் உண்டு: இடத்தையும் வலத்தையும் ஒரே கம்பியில் முடிந்து ஓர் உள்ளீட்டில் செருகுவது. அப்போது இரண்டு வெளியீடுகளும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். ஒற்றைத் தடம் வேண்டுமானால் இரண்டையும் தனித்தனியே பதிந்து, பிறகு மென்பொருளில் கூட்டுவதே முறை.

உள்ளீடுகள் இரண்டையும் லைன் நிலையில் வைத்தாள். மைக் நிலையிலோ கிதாருக்கான நிலையிலோ அல்ல. மைக்குகளுக்கான 48 வோல்ட் மின்சாரத்தை அணைத்தாள். வீட்டுக் கருவிகளின் இயல்பு அளவு −10 டிபிவி, அதாவது ஏறத்தாழ 0.3 வோல்ட், கூடக் கருவிகள் எதிர்பார்ப்பது +4 டிபியு, ஏறத்தாழ 1.2 வோல்ட். இடைவெளி ஏறக்குறைய 12 டெசிபெல். அதனால் ஒலி சன்னமாக வந்தால் பழுதென்று எண்ணாமல், இரண்டு குமிழ்களையும் ஒரே அளவுக்கு மெல்ல உயர்த்த வேண்டும். உச்சத்துக்கு 12 டெசிபெல் கீழே நின்றால் போதும். மடிக்கணினியின் மின்னூட்டியைச் செருகியதும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டது, பிடுங்கியதும் நின்றது. பிறகு பேட்டரியில்தான் பதிவு செய்தாள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்; ஸ்டீரியோவாக ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிகாபைட். கேசட்டின் மேல்விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் நாக்குகளை முதலிலேயே உடைத்துவிட்டாள், தவறிப்போய் மேலே எதுவும் பதிவாகிவிடாதபடி.

ஒவ்வொரு கேசட்டுக்கும் இரண்டு சோதனைகள் வைத்துக்கொண்டாள். ஓடும்போது சிவப்பு ப்ளக்கைப் பிடுங்கினால் இரண்டாம் தடம் மட்டும் அடங்க வேண்டும். இரண்டு தடங்களையும் மென்பொருளில் கூட்டிக் கேட்டால் பேச்சாளரின் குரல் தேயக்கூடாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிடம் ஆகும்.

பதினான்காம் கேசட்டில் அந்த மூதாட்டி இருந்தார். கதை அல்ல, சொற்பட்டியல். களப்பணியாளர் வழக்கப்படி ஒவ்வொரு சொல்லும் மூன்று முறை. மொத்தம் பதினோரு நிமிடம். உறையில் பேராசிரியர் ஊரின் பெயரை மட்டும் எழுதி, ஆளின் பெயரை எழுதாமல் விட்டிருந்தார். குரலைக் கேட்டதும் அவரே அடையாளம் சொன்னார்.

ஆனால் பதிவு மந்தமாக இருந்தது. ‘கிஸ்’ என்னும் சொல்லின் இறுதியில் உரசொலி இருப்பதே தெரியவில்லை. கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகர்கிறது. 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாடாவில் பிடிக்கும் இடம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. பதிந்த கருவியின் தலையும் படிக்கும் கருவியின் தலையும் இம்மியளவு சாய்வில் மாறுபட்டாலும் உரசொலிகள்தாம் முதலில் கரையும். இரு தடங்களையும் கூட்டினால் இன்னும் கரையும். தலையருகே உள்ள சிறு திருகை, பேராசிரியரின் அனுமதியோடு, கடிகாரக்காரரின் திருப்புளியால் மெல்ல மெல்லத் திருப்பினாள். ஓரிடத்தில் திரை விலகியதுபோல ‘ஸ்’ எழுந்தது. மூதாட்டி மூன்று முறையும் ‘கிஸ்’ என்றார். மூன்றாவது முறை சற்றுச் சலிப்போடு.

பள்ளி விடுமுறையில் பேரன் தம் இரண்டு பிள்ளைகளோடு ஹைதராபாத் வந்தார். நடந்ததைப் பேராசிரியரே அவரிடம் சொன்னார், மாணவியைச் சொல்லவிடவில்லை. அவர் கோபிக்கவில்லை. முதலில் சொற்பட்டியலைக் கேட்டார். பிள்ளைகள், பாட்டி ஏன் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள் என்று கேட்டுச் சிரித்தார்கள். பிறகு, வேண்டாம் என்று தடுத்தும், கதைக் கோப்புகளையும் கேட்க வேண்டும் என்றார்.

கேள்விகள், கோழிகள், உலக்கை. அவற்றுக்கிடையே குழந்தைகளின் முனகல் என்று மாணவி எண்ணியிருந்த ஒலி வந்ததும் அவர் கையை உயர்த்தினார். “இது நான்” என்றார். அப்போது அவருக்கு ஏழு வயது. மைக்கின் வலப்பக்கம் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து உம் கொட்டிக்கொண்டிருந்தவர். “நாங்கள் உம் சொன்னால்தான் பாட்டியின் புலி அடுத்த அடி எடுத்துவைக்கும். சொல்லாவிட்டால் அங்கேயே நிற்கும்.”

கதை ஓரத்தில் இல்லை. ஆனால் கதைக்குக் கொட்டிய உம் ஓரத்தில் இருந்தது. அதனால் அது கழியவில்லை. எங்கே வாக்கியம் முடிந்தது, எங்கே பாட்டி நிறுத்தினாள், எங்கே பிள்ளைகள் பயந்து தாமதமாக உம் சொன்னார்கள் என்பதெல்லாம் அக்கோப்பில் அப்படியே இருந்தன. அவர் கண்ணை மூடிக் கேட்டு, ஒவ்வோர் உம்முக்கும் முன்னால் என்ன இருந்திருக்கும் என்று சொல்லத் தொடங்கினார். எழுதப்படாத ஏழு கதைகளில் மூன்று அவருக்கு முழுமையாகத் தெரிந்திருந்தன. இரண்டு துண்டு துண்டாக. மற்ற இரண்டின் தலைப்பைக் கேட்டும் அவருக்கு எதுவும் நினைவில்லை, அவை போயின.

தெரிந்த மூன்றையும் அவர் கோலாமியிலேயே சொல்ல, அன்று மாலை பேராசிரியர் வீட்டுக் கூடத்தில் பதிவு நடந்தது. அது பாட்டியின் குரல் அல்ல, பாட்டியின் சொற்களும் அல்ல. ஆவணக் குறிப்பில் மாணவி அதைத் தெளிவாகவே எழுதினாள். பழைய 19 கோப்புகளின் குறிப்பிலும் ‘பேச்சாளர் தொலைவில்’ என்பதை நீக்கி, இரு தடங்களின் கழித்தல் மட்டுமே எஞ்சியுள்ளது, இணைப்புத் தவறு, மூல நாடா இல்லை என்று எழுதினாள். கறுப்புக் கேபிளை எறியவில்லை. ஒரு சீட்டுக் கட்டி அதே பெட்டியில் வைத்தாள்.

பதிவின்போது பேரன் நடுவில் உட்கார்ந்தார். பிள்ளைகள் மைக்கைப் பார்த்து வாயடைத்துப்போனார்கள். முதல் வாக்கியம் முடிந்து அவர் காத்திருந்தார், எவரும் பேசவில்லை. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த பேராசிரியர்தான் ‘ம்’ என்றார். கதை நகர்ந்தது.

முடிந்ததும் எவரையும் எழவிடாமல், மாணவி கோப்பைத் திறந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முதல் ஐந்து நிமிடங்களை முழுவதுமாகக் கேட்டாள்.